ஷாக் ட்ரீட்மெண்ட்டும் வயதானவர்களின் தீராத மனச்சோர்வும்

"இந்த வயசுல அம்மாவுக்குக் கரண்ட் ஷாக்கா? தாங்குவாங்களா?"

மனநல மருத்துவர் ஈ.சி.டி. எனப்படும் ஷாக் ட்ரீட்மெண்ட் பற்றிப் பேச்செடுத்ததும் பெரும்பாலான வீடுகளில் முதலில் எழும் கேள்வி இதுதான். கேட்பவர்களைக் குறை சொல்ல முடியாது. கை கால்களைக் கட்டிலோடு கட்டி, நெற்றிப்பொட்டில் கம்பியை வைத்து, ஆள் முழு நினைவோடு அலறித் துடிக்கும் காட்சியைத் திரையில் எத்தனையோ முறை பார்த்து வளர்ந்தவர்கள் நாம். ஷாக் வைத்தால் மூளை கருகிவிடும், அதற்கப்புறம் ஆள் நடைபிணம்தான் என்று சொல்ல ஊருக்கு நாலு பேர் இருக்கிறார்கள்.

இந்தப் பயத்துக்கு விலை உண்டு. இளைஞர்களைவிட வயதானவர்களுக்கே அதிகம் கைகொடுக்கும் ஒரு சிகிச்சையை, வயதைக் காரணம் காட்டியே மாதக்கணக்கில் தள்ளிப்போடுகிறோம். அதற்குள் அந்த மனிதர் கட்டிலில் உடம்பு வற்றிக்கொண்டே போகிறார். அதனால் இதை முதலிலிருந்து, மருத்துவப் பின்னணி இல்லாதவர்களுக்கும் புரியும்படி சொல்லிப் பார்க்கிறேன். நல்லதை மட்டும் சொல்லப் போவதில்லை. ஞாபக மறதி, நோய் திரும்பி வருவது என்று இந்தச் சிகிச்சையில் நிஜமான சிக்கல்களும் இருக்கின்றன.

முதலில் ஒரு விளக்கம். ஈ.சி.டி. என்பது மின்வலிப்பு சிகிச்சை. மயக்க மருந்து கொடுத்து நோயாளியைத் தூங்கவைத்து, மூளையில் ஒரு சிறிய வலிப்பை மருத்துவர்கள் வேண்டுமென்றே வரவழைத்து, அது தானாக அடங்கும்வரை கண்காணிக்கும் சிகிச்சை. 'வலிப்பு' என்ற சொல்லை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். எல்லாக் குழப்பமும் அங்கேதான் அவிழும்.

வயசானா அப்படித்தானா?

வயதானவர்கள் "எனக்கு மனசு சரியில்லை" என்று சொல்வது அபூர்வம். வயிறு எரிகிறது என்பார்கள், தலை கனக்கிறது என்பார்கள், விடிகாலை மூன்று மணிக்கே முழிப்பு வந்துவிடுகிறது என்பார்கள். ஸ்கேன் எடுத்தாலும் எண்டோஸ்கோப்பி பார்த்தாலும் எல்லாம் நார்மல். பேரப்பிள்ளைகள் வந்து மடியில் ஏறினாலும் முகத்தில் மாற்றம் இருக்காது. பக்கத்தில் வைத்த காபி ஆடை படிந்து ஆறிக் கிடக்கும். "வயசாயிடுச்சு, தாத்தா போனதிலிருந்து பாட்டி இப்படித்தான்" என்று வீடு பழகிவிடும்.

துக்கம் வேறு, மனச்சோர்வு நோய் வேறு. துக்கத்தில் இருப்பவர் கணவரைப் பற்றிப் பேசும்போது அழுவார், பழைய கதை ஒன்று நினைவுக்கு வந்தால் சிரிக்கவும் செய்வார். நோயில் அந்த அசைவே நின்றுபோகும். முற்றிய நிலையில் எண்ணங்களே திரிந்துவிடும். "என் குடல் அழுகிப்போச்சு, சாப்பாடு எங்கே போகும்?" என்று தட்டைத் தள்ளுவார்கள். "பேங்க்கில் காசே இல்லை, எல்லாரும் தெருவுக்கு வரப்போறோம்" என்பார்கள். பாஸ்புக்கை விரித்துக் காட்டினாலும் நம்பமாட்டார்கள். எந்த ஆதாரத்துக்கும் அசையாத இப்படிப்பட்ட நினைப்புக்குப் பொய் நம்பிக்கை என்று பெயர். இன்னும் சிலர் பேச்சும் அசைவும் நின்று, வாயில் ஊட்டியதை விழுங்கக்கூட மறந்து உறைந்துவிடுவார்கள். அது கேட்டடோனியா.

வேறு சிலருக்கு மறதியும் மந்தமும்தான் வெளியே தெரியும். டிமென்ஷியா, அதாவது முதுமை மறதி நோய் என்று வீடே முடிவுகட்டிவிடும். சரியாகப் பரிசோதித்து மனச்சோர்வுக்கு வைத்தியம் பார்த்ததும் கணிசமாகத் தெளிந்துவிடுகிறவர்கள் இவர்களில் உண்டு. இரண்டும் சேர்ந்தே இருப்பவர்களும் உண்டு என்பதால் வீட்டிலிருந்தபடி நாமாகத் தீர்ப்புச் சொல்லக் கூடாது.

மருந்துக்கு மசியாதபோது

வெவ்வேறு வகையைச் சேர்ந்த இரண்டு மனச்சோர்வு மருந்துகளைப் போதுமான அளவில், போதுமான வாரங்கள் கொடுத்தும் நோய் இறங்கவில்லை என்றால் அதை மருந்துக்குக் கட்டுப்படாத மனச்சோர்வு என்பார்கள். இந்த முத்திரையைக் குத்துவதற்கு முன் நல்ல மருத்துவர் சில விஷயங்களைத் தோண்டிப் பார்ப்பார். தைராய்டு சரியாக இருக்கிறதா, பி12 குறைந்திருக்கிறதா, வேறு நோய்க்குச் சாப்பிடும் மாத்திரை ஏதாவது மனதை அழுத்துகிறதா என்று கேட்பார். கொடுத்த மாத்திரை உண்மையில் வயிற்றுக்குள் போகிறதா என்றும் பார்ப்பார். தலையணை உறைக்குள் மாத்திரை சேர்வது நிறைய வீடுகளில் நடப்பதுதான்.

மருந்து மாற்றி மருந்து என்று போய்க்கொண்டே இருந்தால் என்ன? அமெரிக்காவில் ஏறத்தாழ 4,000 பேரிடம் நடந்த ஸ்டார்-டி என்ற பெரிய ஆய்வின் முடிவுகள் 2006இல் வெளிவந்தன. முதல் மருந்தில் மூன்றில் ஒரு பங்குக்குச் சற்று அதிகமானவர்கள் குணமானார்கள். இரண்டாவதுக்குப் போனவர்களிலும் மூன்றில் ஒரு பங்குக்குக் கிட்டத்தட்டக் குணமானது. மூன்றாவது மருந்துக்கு வந்தவர்களில் அது 14 சதவீதமாகச் சரிந்தது. எல்லா வயதினருக்குமான கணக்கு இது.

வயதானவர்களுக்கு இன்னொரு தொல்லை. மருந்து பிடிக்க எட்டு முதல் பன்னிரண்டு வாரம்கூட ஆகலாம். இடையில் ரத்தத்தில் சோடியம் குறையும், எழுந்து நின்றால் தலை சுற்றும், விழுந்து இடுப்பெலும்பு முறியும். ஏற்கெனவே சர்க்கரைக்கும் ரத்த அழுத்தத்துக்கும் இதயத்துக்கும் ஒரு டப்பா மாத்திரை சாப்பிடுகிறவருக்கு இவையெல்லாம் சாதாரண விஷயமில்லை. சாப்பாடும் தண்ணீரும் நின்றுபோனவர், உயிரை விட்டுவிடவே துணிந்துவிட்டவர், பொய் நம்பிக்கையில் மூழ்கியவர், உறைந்துபோனவர் ஆகியோரால் அவ்வளவு வாரம் காத்திருக்க முடியாது. இவர்களுக்கு மருந்துகள் எல்லாம் தோற்கட்டும் என்று காத்திராமல் முதலிலேயே ஈ.சி.டி.யைப் பரிந்துரைப்பது உண்டு.

கெட்டிமேளம்: கரண்ட் செய்யும் வேலையும் வலிப்பு செய்யும் வேலையும்

ஒரு கல்யாண மண்டபத்தை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு பக்கம் பந்தி பற்றிப் பேச்சு, இன்னொரு பக்கம் பெண்ணின் நகையைப் பற்றிப் பேச்சு, குழந்தைகள் ஓட்டம், ஐயர் மந்திரம். ஆளுக்கொரு பேச்சாக இருந்தாலும் காரியம் நடக்கிறது. தாலி கட்டும் நேரம் வந்ததும் ஒருவர் விரலை ஆட்டி "கெட்டிமேளம், கெட்டிமேளம்" என்கிறார். தவிலும் நாதஸ்வரமும் ஒரே வீச்சில் எழும்புகின்றன. அந்தச் சில நொடிகள் மண்டபத்தில் வேறு எந்தப் பேச்சும் கேட்காது. அப்புறம் மேளம் தணிகிறது.

மூளையும் சாதாரணமாக அந்த மண்டபம் மாதிரிதான். கோடிக்கணக்கான நரம்பு செல்கள் தனித்தனி நேரத்தில் தனித்தனி மின் சமிக்ஞையை அனுப்புகின்றன. அத்தனை செல்களும் ஒரே தாளத்தில் சேர்ந்து துடித்தால் அதற்குப் பெயர் வலிப்பு. ஈ.சி.டி.யில் கரண்ட்டின் பங்கு விரலை ஆட்டுவது மட்டும்தான். மேளம் வேறு, அதைத் தொடங்கச் சொல்லும் சைகை வேறு. மின்துடிப்புகள் போவது அதிகபட்சம் எட்டு நொடி. அதைத் தொடர்ந்து மூளை தானாகத் துடிக்கும் வலிப்பு பெரும்பாலும் இருபது நொடியிலிருந்து ஒரு நிமிடம்வரை நீடிக்கும். சிகிச்சையின் பலன் அந்த வலிப்பிலிருந்து வருகிறது.

வரலாறும் இதற்குச் சாட்சி. 1934இல் புடாபெஸ்ட்டில் லாடிஸ்லாஸ் மெடூனா என்ற மருத்துவர் நோயாளிகளுக்குக் கற்பூரத்தை ஊசியில் ஏற்றி வலிப்பு வரவழைத்தார். கரண்ட்டே கிடையாது. வலிப்பு நோய் இருந்தால் மனச்சிதைவு நோய் வராது என்று அவர் நம்பினார். அந்த நம்பிக்கை தவறு என்று பின்னாளில் தெரிந்தது, ஆனால் வலிப்புக்குப் பிறகு சிலர் எழுந்து நடமாடியது நிஜம். கற்பூர ஊசியின் கொடுமை, வலிப்பு எப்போது வரும் என்று யாருக்கும் தெரியாது. நோயாளி நடுங்கிக்கொண்டு காத்திருக்க வேண்டும். 1938இல் ரோம் நகரில் ஊகோ செர்லெட்டியும் லூச்சியோ பினியும் மின்சாரத்தைக் கொண்டுவந்தது, நினைத்த நொடியில் வலிப்பைத் தொடங்க முடியும் என்பதால்தான்.

மயக்க மருந்து மட்டும் கொடுத்து, கரண்ட் கொடுக்காமலே கொடுத்ததுபோல் பாவனை செய்த பரிசோதனைகளும் பிரிட்டனில் நடந்திருக்கின்றன. அந்த ஆய்வுகளையெல்லாம் திரட்டி 2003இல் லான்செட் மருத்துவ இதழில் வந்த அலசல், நிஜ ஈ.சி.டி.தான் தெளிவாக அதிகப் பலன் தந்தது என்று காட்டியது. ஊசி போட்டுத் தூங்கவைத்துக் கவனமாகப் பார்த்துக்கொண்டதால் மட்டும் வந்த குணம் என்று இதைத் தள்ளிவிட முடியாது.

வலிப்பு அடங்கும்போது என்ன நடக்கிறது?

வலிப்பை நிறுத்துவது யார்? மூளையேதான். செல்களின் துடிப்பை அடக்கும் வேதிப்பொருட்களைத் திரட்டித் தன்னைத் தானே அடக்கிக்கொள்கிறது. ஒவ்வொரு முறையும் இந்த அடக்கும் சக்தி கொஞ்சம் வலுக்கிறது. அதனால்தான் சிகிச்சை போகப் போக, வலிப்பை வரவழைக்கத் தேவையான மின் அளவு கூடிக்கொண்டே போகும். வலிப்பு தொடங்கத் தேவையான அந்தக் குறைந்தபட்ச அளவுக்கு வலிப்பு வாசல் என்று பெயர் வைத்துக்கொள்வோம். வயதானவர்களுக்கு இயல்பாகவே இந்த வாசல் உயரம்.

இன்னொரு பக்கம், நரம்பு செல்கள் தழைத்துக் கிளைவிட உதவும் புரதங்கள் கூடுகின்றன. நினைவுக்கும் உணர்ச்சிக்கும் முக்கியமான ஹிப்போகாம்பஸ் என்ற பகுதி சிகிச்சைக்குப் பிறகு சற்றுப் பெருத்திருப்பதை எம்.ஆர்.ஐ. படங்கள் காட்டியிருக்கின்றன. நீண்டநாள் மனச்சோர்வில் சுருங்குகிற பகுதி இது. மூளை கருகிவிடும் என்று பயப்படுகிறவர்கள் கவனிக்க வேண்டிய படம் அது. இத்தனை மாற்றங்களில் நோயைத் தீர்ப்பது எது என்பதில் விஞ்ஞானிகள் இன்னும் ஒரு முடிவுக்கு வரவில்லை.

இதுவரை பார்த்தது: வயதானவர்களின் மனச்சோர்வு பெரும்பாலும் உடம்பு வலியாகவும் மறதியாகவும் வேஷம் போட்டுக்கொண்டு வரும். மருந்துகள் தோற்றாலோ, காத்திருக்க நேரமில்லை என்றாலோ ஈ.சி.டி. பேச்சு வரும். கரண்ட் தொடங்கிவைக்கிறது, வலிப்பு வேலை செய்கிறது.

அந்தக் காலை நேரம்

முந்தைய இரவு தலைக்கு எண்ணெய் வைக்கக் கூடாது. குளித்து, முடியை நன்றாக உலர்த்திக்கொண்டு வரச் சொல்வார்கள். எண்ணெய்ப் பிசுக்கு இருந்தால் கரண்ட்டைச் செலுத்தும் மின்முனை தோலோடு சரியாகப் பொருந்தாது. காலையில் சாப்பாடு கிடையாது. ரத்த அழுத்த மாத்திரையை மட்டும் ஒரு மடக்குத் தண்ணீரோடு விழுங்கச் சொல்வார்கள். சர்க்கரை மாத்திரை பெரும்பாலும் அன்று காலை வேண்டாம். பல்செட், கண்ணாடி, வளையல் எல்லாவற்றையும் கழற்றி வீட்டாரிடம் கொடுத்துவிட வேண்டும்.

உள்ளே கட்டிலில் படுத்ததும் கையில் ஊசி. மயக்க மருத்துவர் முகத்தில் ஆக்சிஜன் மாஸ்க்கை வைப்பார். நெஞ்சில் இ.சி.ஜி. ஒயர், விரலில் ஆக்சிஜன் கிளிப், தலையில் மூளையின் மின்னலைகளைப் பதியும் ஈ.ஈ.ஜி. ஒயர். மயக்க மருந்து ஏறி ஒரு நிமிடத்துக்குள் ஆழ்ந்த தூக்கம். பிறகு தசைத் தளர்த்தி, அதாவது உடம்பின் தசைகளைச் சில நிமிடங்களுக்குச் செயலிழக்கச் செய்யும் மருந்து. பழைய நாட்களில் இது இல்லாமல் செய்தபோது வலிப்பின் வேகத்தில் முதுகெலும்பு முறிந்தது உண்டு. எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கு இந்த ஊசி உயிர்நாடி.

இங்கே ஒரு சின்ன உத்தி, எனக்கு மிகவும் பிடித்தது. தசைத் தளர்த்தியைச் செலுத்துவதற்கு முன் ஒரு கணுக்காலில் ரத்த அழுத்தப் பட்டையைச் சுற்றி இறுக்கிவிடுவார்கள். மருந்து அந்தப் பாதத்துக்கு மட்டும் போகாது. வாயில் பல் பாதுகாப்புக் கட்டையை வைத்து, பொத்தானை அழுத்தினால், உடம்பு முழுக்க அசையாமல் கிடக்க, அந்த ஒரு பாதத்தின் விரல்கள் மட்டும் துடிக்கும். உள்ளே வலிப்பு நடக்கிறது என்பதற்கு அதுவும் ஈ.ஈ.ஜி.யும்தான் அடையாளம். திரையில் பார்த்த அலறலும் உதறலும் இங்கே கிடையாது. விரல்கள் நின்றதும் முடிந்தது.

ஐந்து பத்து நிமிடத்தில் கண் திறப்பார்கள். "நான் எங்கே இருக்கேன்? இது யார் வீடு?" என்று கேட்கலாம். இந்தக் குழப்பம் பெரும்பாலும் அரை மணியிலிருந்து ஒரு மணி நேரத்தில் தெளியும். வயதானவர்களுக்குக் கொஞ்சம் கூடுதலாகலாம். தெரிந்த முகம் ஒன்று பக்கத்தில் இருந்து கையைப் பிடித்துக்கொள்வது அப்போது பெரிய உதவி. கண்ணாடியையும் காது கருவியையும் உடனே மாட்டிவிடுங்கள். பாதி குழப்பம் அதிலேயே போய்விடும். தலைவலி, தாடை வலி, குமட்டல் வரலாம். சாதாரண மாத்திரையில் அடங்கும்.

வாரத்துக்கு இரண்டு அல்லது மூன்று முறை, மொத்தம் ஆறு முதல் பன்னிரண்டு முறை என்பது வழக்கமான கணக்கு. ஒரே ஷாக்கில் எல்லாம் சரியாகிவிடும் என்று எதிர்பார்த்து, இரண்டாவது முறையோடு நிறுத்திவிடுவதும் தவறு.

வயது தடையா?

அமெரிக்காவின் கோர் என்ற ஆய்வுக் குழு 253 பேருக்கு ஈ.சி.டி. கொடுத்து, வயதுவாரியாகப் பிரித்துப் பார்த்து 2001இல் வெளியிட்டது. 45 வயதும் அதற்குக் கீழும் இருந்தவர்களில் குணமானவர்கள் 70 சதவீதம். 65 வயதும் அதற்கு மேலும் இருந்தவர்களில் 90 சதவீதம். நம் வீடுகளில் நினைப்பதற்கு நேர்மாறு.

அடுத்து 2016இல் வெளிவந்த பிரைட் ஆய்வு. இது முழுக்க முழுக்க 60 வயதைக் கடந்தவர்களுக்காகவே நடந்தது, 240 பேர். ஞாபகத்துக்குச் சேதம் குறைவாக இருக்கட்டும் என்று, தலையின் வலப்பக்கம் மட்டும், மிகக் குறுகிய மின்துடிப்புகளாகக் கொடுத்து, கூடவே வென்லாஃபாக்சின் என்ற மாத்திரையும் கொடுத்தார்கள். சுமார் 62 சதவீதம் பேர் குணமானார்கள், சராசரியாக ஏழு முறை சிகிச்சையில்.

90 எங்கே, 62 எங்கே என்று தோன்றும். இரண்டு ஆய்வுகளையும் நேருக்கு நேர் ஒப்பிட முடியாது, ஆனால் ஒரு முக்கியமான வித்தியாசம் இருக்கிறது. முதல் ஆய்வில் மின்முனைகளை இரண்டு நெற்றிப்பொட்டிலும் வைத்தார்கள். அதற்கு வீரியம் அதிகம், மறதியும் அதிகம். வலப்பக்கம் மட்டும் வைத்தால், மொழியைக் கையாளும் இடப்பக்கத்தை நேரடியாகத் தொடாததால் மறதி குறைவு. ஆனால் அந்த முறையில் வலிப்பு வந்தால் மட்டும் போதாது. வலிப்பு வாசலைவிடப் பல மடங்கு அதிக அளவில் கொடுத்தால்தான் பலன். பல மருத்துவர்கள் வலப்பக்கத்தில் தொடங்கி, போதவில்லை என்றால் இருபக்கத்துக்கு மாறுகிறார்கள். உயிருக்கே ஆபத்து என்ற நிலையில் நேராக இருபக்கத்துக்கே போவதும் உண்டு.

உடம்பு தாங்குமா என்ற கேள்விக்கும் பதில் உண்டு. பல நாட்டுப் பதிவுகளைத் திரட்டிப் பார்த்ததில், ஈ.சி.டி.யோடு தொடர்புடைய மரணம் ஒரு லட்சம் முறைக்கு ஏறத்தாழ 2. வலிப்பின்போது முதலில் இதயத் துடிப்பு குறைந்து, உடனே துடிப்பும் ரத்த அழுத்தமும் சில நிமிடங்கள் எகிறும். அதனால் அண்மையில் மாரடைப்போ பக்கவாதமோ வந்தவர்கள், மூளையில் கட்டியோ ரத்தக் கசிவோ உள்ளவர்கள் விஷயத்தில் மிகுந்த எச்சரிக்கை தேவை, தள்ளிப்போடவும் வேண்டியிருக்கலாம். பேஸ்மேக்கர், சர்க்கரை, ரத்த அழுத்தம் ஆகியவை முறையான முன்தயாரிப்பு இருந்தால் தடையில்லை.

மறதி: மறைக்கக் கூடாத விஷயம்

இந்தச் சிகிச்சையைப் பரிந்துரைக்கிறவர்கள் சிலர் மறதியைப் பற்றி அவசரமாகச் சொல்லிக் கடந்துவிடுகிறார்கள். அது சரியில்லை. நம்பிக்கை உடைவதே அங்கேதான்.

மறதி இரண்டு வகை. ஒன்று, சிகிச்சை நடக்கும் வாரங்களில் புதிய விஷயங்கள் மனதில் ஒட்டாமல் போவது. காலையில் மகன் போன் செய்ததை மதியம் மறந்துவிடுவார். இது பெரும்பாலும் சில வாரங்களில் சரியாகிவிடும். 84 ஆய்வுகளைத் தொகுத்து 2010இல் வந்த அலசலில், சிகிச்சை முடிந்த முதல் மூன்று நாட்களில் ஞாபகச் சோதனைகளில் மதிப்பெண் குறைந்திருந்தது. இரண்டு வாரம் கழித்துச் சிகிச்சைக்கு முன்பு இருந்ததைவிடப் பல சோதனைகளில் மேம்பட்டிருந்தது. மனச்சோர்வே ஞாபகத்தை மந்தமாக்கி வைத்திருக்கிறது என்பதால் இதில் ஆச்சரியமில்லை.

இரண்டாவது வகை, பழைய நினைவுகள் அழிவது. சிகிச்சைக்கு முந்தைய வாரங்கள், மாதங்களில் நடந்தவை அதிகம் அடிபடும். பேத்திக்குக் காது குத்திய விழாவில் தான் இருந்ததே அம்மாவுக்கு நினைவில்லாமல் போகலாம். பல நினைவுகள் மெல்லத் திரும்பும். சில திரும்பவே திரும்பாது. மேலே சொன்ன சோதனைகள் இந்த வகை இழப்பைச் சரியாக அளப்பதில்லை என்பதையும் சொல்லிவிட வேண்டும். "என் வாழ்க்கையில ஒரு துண்டு காணோம்" என்று ஒருவர் சொன்னால் அதை நம்புங்கள், வாதாடாதீர்கள். சிகிச்சை தொடங்குமுன் முக்கியமான விவரங்களை ஒரு நோட்டில் எழுதிவைப்பதும், போட்டோக்களை எடுத்து வைப்பதும், அந்த வாரங்களில் சொத்துப் பத்திரம் மாதிரி எதிலும் கையெழுத்து வாங்காமல் இருப்பதும் வீட்டார் செய்ய வேண்டியவை.

மறதி கூடிக்கொண்டே போனால் வாரத்துக்கு மூன்றை இரண்டாகவோ ஒன்றாகவோ குறைக்கலாம், மின்முனையின் இடத்தை மாற்றலாம். மருத்துவரிடம் தயங்காமல் சொல்லுங்கள். ஏற்கெனவே டிமென்ஷியா உள்ளவர்களுக்குக் குழப்பம் கூடுதலாக வரும். ஆனாலும் தேவைப்பட்டால் கவனத்தோடு கொடுக்கிறார்கள்.

ஈ.சி.டி.யால் டிமென்ஷியா வருமா? டென்மார்க்கில் மனச்சோர்வு, இருதுருவ நோய் போன்ற மனநிலைக் கோளாறுகள் உள்ள ஒரு லட்சத்து 68 ஆயிரம் பேரின் பதிவுகளை ஆராய்ந்து 2018இல் வெளியிட்டார்கள். ஈ.சி.டி. பெற்றவர்களுக்கு டிமென்ஷியா ஆபத்து கூடியதாகத் தெரியவில்லை.

சுருக்கமாக: வயது தடையில்லை, வயதானவர்களுக்குப் பலன் அதிகம். இதயமும் மூளை ரத்த ஓட்டமும் பரிசோதிக்கப்பட வேண்டும். மறதி நிஜம், பெரும்பகுதி தற்காலிகம், ஒரு பகுதி நிரந்தரமாகலாம்.

முடிந்தது என்று மாத்திரையை நிறுத்தினால்

ஈ.சி.டி. நோயின் அந்தச் சுற்றைத்தான் உடைக்கிறது. நோய்க்கு உள்ளாகும் தன்மை அப்படியேதான் இருக்கும். அமெரிக்காவில் 2001இல் வெளியான ஓர் ஆய்வில், ஈ.சி.டி.யால் குணமானவர்களை மூன்று பிரிவாக்கி ஆறு மாதம் கவனித்தார்கள். வெறும் டம்மி மாத்திரை சாப்பிட்டவர்களில் 84 சதவீதம் பேருக்கு நோய் திரும்பியது. ஒரு மருந்து சாப்பிட்டவர்களில் 60 சதவீதம். அதோடு மனநிலையைச் சீராக வைக்கும் லித்தியம் என்ற மருந்தையும் சேர்த்துச் சாப்பிட்டவர்களில் 39 சதவீதம்.

இந்த எண்களைப் பார்த்த பிறகும் "அம்மா நல்லாயிட்டாங்க, இனி எதுக்கு மாத்திரை?" என்று நிறுத்துகிற வீடுகளை நினைத்தால் மனம் பதைக்கிறது. பிரைட் ஆய்வின் இரண்டாம் பகுதி இதற்குத்தான் வழி தேடியது. குணமானவர்களில் 120 பேரை இரண்டாகப் பிரித்து, ஒரு பாதிக்கு வென்லாஃபாக்சினும் லித்தியமும், மறு பாதிக்கு அவற்றோடு தேவைக்கேற்ப இடைவெளி விட்டு ஈ.சி.டி.யும் கொடுத்தார்கள். ஆறு மாத முடிவில் இரண்டாவது பிரிவினரின் மனநிலை மேலாக இருந்தது. இப்படி வாரத்துக்கு ஒன்று, மாதத்துக்கு ஒன்று என்று இடைவெளியைக் கூட்டிக்கொண்டே போவதற்குப் பராமரிப்பு ஈ.சி.டி. என்று பெயர். லித்தியம் சாப்பிடும் முதியவர்களுக்கு ரத்தத்தில் அதன் அளவையும் சிறுநீரகத்தையும் குறித்த இடைவெளியில் பார்த்துக்கொண்டே இருக்க வேண்டும்.

சம்மதம் யாருடையது?

பயத்துக்குக் காரணமே இல்லை என்று சொல்லமாட்டேன். இருபதாம் நூற்றாண்டின் நடுவில் பல நாடுகளின் மனநலக் காப்பகங்களில் மயக்க மருந்தும் இல்லாமல், சம்மதமும் கேட்காமல், அடங்காதவர்களை அடக்கவும் இதைப் பயன்படுத்தினார்கள். இந்தியாவிலும் மயக்க மருந்து இல்லாமல் நேரடியாகக் கொடுக்கும் வழக்கம் நெடுநாள் இருந்தது. 2017ஆம் ஆண்டின் மனநலப் பராமரிப்புச் சட்டம், 95ஆம் பிரிவில், மயக்க மருந்தும் தசைத் தளர்த்தியும் இல்லாத ஈ.சி.டி.யைத் தடைசெய்துவிட்டது. அவசரச் சிகிச்சை என்ற பெயரில் கொடுக்கவும் அந்தச் சட்டம் இடம் தரவில்லை.

விவரம் புரிந்து முடிவெடுக்கும் நிலையில் அம்மா இருந்தால், சம்மதம் அம்மாவுடையது. மகனோ மகளோ அவருக்குப் பதிலாகத் தலையாட்ட முடியாது. பாதியில் வேண்டாம் என்று அவர் சொன்னாலும் நிறுத்த வேண்டும். சிக்கல் எங்கே என்றால், "எனக்கு எதுக்கு வைத்தியம், நான் செஞ்ச பாவத்துக்கு இப்படியே போறேன்" என்று அவர் மறுக்கும்போது பேசுவது அவரா, நோயா என்பதில். முடிவெடுக்கும் திறன் இருக்கிறதா என்று மருத்துவர் முறைப்படி மதிப்பிட்டுப் பதிவுசெய்ய வேண்டும். திறன் இல்லாத நிலையில் உதவுவதற்கென்று ஒருவரை முன்கூட்டியே எழுத்தில் நியமித்துவைக்கவும், எந்தச் சிகிச்சை வேண்டும், எது வேண்டாம் என்று உடல் நன்றாக இருக்கும்போதே எழுதிவைக்கவும் இதே சட்டம் வழி செய்கிறது. அம்மா குணமாகி வீட்டில் இருக்கும் நாட்களில் அவரோடு உட்கார்ந்து இதைப் பேசிவிடுங்கள்.

கையெழுத்துப் போடுமுன் மருத்துவரிடம் கேட்க வேண்டியவை: ஏன் இப்போது ஈ.சி.டி., காத்திருந்தால் என்ன ஆகும்? வலப்பக்கமா, இருபக்கமா? இதய மருத்துவரும் மயக்க மருத்துவரும் பார்த்துவிட்டார்களா? ஒவ்வொரு வாரமும் ஞாபகத்தைச் சோதித்துப் பார்ப்பீர்களா? முடிந்த பிறகு அடுத்த ஆறு மாதத்துக்கு என்ன திட்டம்? இவற்றுக்குப் பொறுமையாகப் பதில் சொல்லாத இடத்தில் அவசரப்பட்டுக் கையெழுத்துப் போட வேண்டியதில்லை. இன்னொரு மனநல மருத்துவரின் கருத்தைக் கேட்கலாம். எங்கே தொடங்குவது என்றே தெரியாவிட்டால், இந்திய அரசின் டெலி மனஸ் என்ற மனநல உதவி எண் 14416 இரவு பகல் எந்நேரமும் இலவசம், தமிழிலும் பேசலாம். வீட்டில் ஒருவர் சாவதைப் பற்றிப் பேசத் தொடங்கிவிட்டார் என்றால், அவரைத் தனியாக விடாமல் அன்றைக்கே மருத்துவமனைக்கு அழைத்துப் போங்கள்.